சீனாவில் வெளிநாட்டுச் சரக்கு ஏன் இவ்வளவு விலை? இங்கே வேலைக்கு வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஷாங்காய், பெய்ஜிங், ஷென்ஜென், குவாங்சோ என்று வேலை மாற்றிக்கொண்டு வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கிற கேள்விகள் இவை. எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பெரும்பாலும் இதையேதான் கேட்கிறார்கள். வரி விகிதம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், முடிந்த இடத்தில் எந்த ஆண்டிலிருந்து என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

சீனா என்றாலே மலிவு என்றுதானே சொல்கிறார்கள்? ஒரு துண்டு பிரெஞ்சு சீஸ் வாங்கினால் ஏன் பர்ஸ் காலியாகிறது?

மலிவெல்லாம் இங்கே செய்து இங்கேயே விற்கிற பொருளுக்கு. மெட்ரோ டிக்கெட், காய்கறி, வீட்டுக்கு வரும் சாப்பாடு, போன் சார்ஜர் என்று எல்லாமே கைக்கு அடக்கமாக இருக்கும். வெளியிலிருந்து உள்ளே வருகிற பொருளுக்குக் கணக்கே வேறு. துறைமுகத்தில் இறங்கியதுமே சுங்க வரி, சில பொருளுக்கு நுகர்வு வரி, எல்லாவற்றுக்கும் மதிப்புக்கூட்டு வரி என்று அடுக்கடுக்காக ஏறும். அப்புறம் இறக்குமதியாளர், விநியோகஸ்தர், கடை வாடகை.

ஆனால் வரியோடு கதை முடியவில்லை. இங்கே நீண்டகாலம் தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. அரசு தரும் விலைச் சலுகைகளில் பாதி, சில நாள் வந்து போகிற சுற்றுலாப் பயணிக்கு. மீதி, சீன அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமகனை மனதில் வைத்துச் செய்தவை. ரெசிடென்ஸ் பர்மிட்டோடு நடுவில் இருக்கிறவர்தான் பல நேரம் முழு விலையையும் கொடுக்கிறார். கீழே வரும் பதில்களில் இது திரும்பத் திரும்ப வரும்.

வரி மட்டும் எவ்வளவு ஆகும்? கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

ஒரு பாட்டில் பிரெஞ்சு ஒயினை எடுத்துக்கொள்வோம். கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்துத் துறைமுகத்தில் அதன் மதிப்பு 100 யுவான். சுங்க வரி 14 சதவீதம், ஆக 114. அடுத்தது நுகர்வு வரி 10 சதவீதம். இதை 114-ன் மேல் பத்து சதவீதம் என்று போட மாட்டார்கள், வரியையும் உள்ளடக்கிய விலையில்தான் பத்து சதவீதம் எடுப்பார்கள். 114-ஐ 0.9-ஆல் வகுத்தால் 126.67. அதன் மேல் 13 சதவீத மதிப்புக்கூட்டு வரி போட்டால் 143.13. ஆக, குடோனுக்குப் போகும் முன்பே 43 யுவான் ஏறிவிட்டது. இந்த மதிப்புக்கூட்டு வரி 2018 ஏப்ரல் வரை 17 சதவீதமாக இருந்தது, மே மாதம் 16 ஆனது, 2019 ஏப்ரலிலிருந்து 13.

இதே பாட்டில் சிலியிலிருந்து வந்தால் இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தப்படி சுங்க வரி பூஜ்யம், அதனால் 125.56-ல் முடியும். நியூசிலாந்து, ஜார்ஜியா, ஆஸ்திரேலியா ஒயினுக்கும் இந்தக் கணக்குதான். ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் நடுவில் ஒரு பெரிய தடங்கல் வந்தது. 2021 மார்ச்சிலிருந்து 116 முதல் 218 சதவீதம் வரை பொருள்குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலைக்குச் சரக்கைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று சொல்லிப் போடும் கூடுதல் வரி) போட்டார்கள், 2024 மார்ச் கடைசியில்தான் எடுத்தார்கள். தினசரி குடிக்க ஒயின் வேண்டும் என்றால் பிரான்ஸ் அலமாரியிலிருந்து சிலி அலமாரிக்கு நகருங்கள். வரியிலேயே இவ்வளவு மிச்சம்.

143-க்கு வந்த பாட்டில் கடையில் ஏன் 300 என்று கேட்டால், அந்த வித்தியாசம் அரசுக்குப் போகவில்லை. இறக்குமதியாளர், மாநில விநியோகஸ்தர், நகர விநியோகஸ்தர், கடை என்று கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் லாபம் சேருகிறது. வரி ஏற்றிய விலையின் மேல்தான் ஒவ்வொருவரும் தன் சதவீதத்தைப் போடுகிறார் என்பதால், வரியும் கூடவே பெருகுகிறது.

நுகர்வு வரி எதற்கெல்லாம் உண்டு?

இது 1994-ல் வந்தது. 2006 ஏப்ரலில் பட்டியலைத் திருத்தியபோது கோல்ஃப் சாமான், சொகுசுப் படகு, விலையுயர்ந்த கைக்கடிகாரம் எல்லாம் உள்ளே வந்தன. ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் மரச் சாப்ஸ்டிக்கையும் அதே சமயம் சேர்த்தார்கள்.

கைக்கடிகாரம்: மதிப்புக்கூட்டு வரி இல்லாமல் 10,000 யுவானும் அதற்கு மேலும் என்றால் 20 சதவீதம். மேலே சொன்ன வகுத்தல் கணக்கில் அது உண்மையில் 25 சதவீத ஏற்றம்.

அழகுசாதனம்: முன்பு 30 சதவீதம். 2016 அக்டோபரிலிருந்து சாதாரண மேக்கப்புக்கு இல்லை, உயர்ரகத்துக்கு மட்டும் 15 சதவீதம். உயர்ரகம் என்றால் இறக்குமதி விலை ஒரு மில்லிக்கோ ஒரு கிராமுக்கோ 10 யுவான், முகத்தில் ஒட்டும் மாஸ்க் ஒரு தாளுக்கு 15 யுவான், அதற்கு மேல்.

கைப்பைக்கு நுகர்வு வரியே கிடையாது. பை ஐரோப்பாவை விட இங்கே மிக அதிக விலை என்றால் வரியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, அதற்குக் கீழே வருகிறேன்.

கார்தான் உச்சம். 4 லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின் என்றால் நுகர்வு வரி 40 சதவீதம். துறைமுகத்தில் 5 லட்சம் யுவான் மதிப்புள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். 15 சதவீத சுங்க வரியோடு 5.75 லட்சம், 0.6-ஆல் வகுத்தால் 9.58 லட்சம், மதிப்புக்கூட்டு வரி சேர்ந்து 10.83 லட்சம். கூடுதல் தீர்வை எதுவும் இல்லாத நாட்டிலிருந்து வந்தால் இந்தக் கணக்கு. 2025 ஜூலை 20 முதல், வரி நீக்கிய விற்பனை விலை 9 லட்சத்தைத் தொட்டாலே சில்லறை விற்பனையில் இன்னொரு 10 சதவீதம் ஏறும். அதற்கு முன் அந்த வரம்பு 13 லட்சம். பதிவு செய்யும்போது வாகனக் கொள்முதல் வரி தனி. அதனால்தான் இங்கே பலர் ஷென்யாங்கில் தயாராகும் பிஎம்டபிள்யூவையும் பெய்ஜிங்கில் தயாராகும் பென்ஸையும் வாங்குகிறார்கள்.

வரியைத்தான் குறைத்துக்கொண்டே வருகிறார்களே? விலை ஏன் இறங்கவில்லை?

குறைத்தது உண்மை. 2017 டிசம்பரில் 187 வகை நுகர்பொருளுக்குச் சராசரி சுங்க வரி 17.3-லிருந்து 7.7 சதவீதமானது. 2018 ஜூலையில் இன்னும் 1,449 வகை, 15.7-லிருந்து 6.9. கார் 25-லிருந்து 15. இவ்வளவு குறைத்தும் கடையில் பழைய விலையே தொங்கினால், அந்த விலை வரியை வைத்துப் போட்டதல்ல.

ஆடம்பர நிறுவனங்கள் நாட்டுக்கு நாடு தனித்தனி விலை வைக்கின்றன. அந்த ஊர் வாடிக்கையாளர் எவ்வளவு கொடுப்பார் என்பதுதான் அளவுகோல். நல்ல சாட்சி 2015-ல் கிடைத்தது. அந்த மார்ச்சில் சனெல் தன் சில பைகளுக்கு ஐரோப்பாவில் சுமார் 20 சதவீதம் ஏற்றி, சீனாவில் சுமார் 20 சதவீதம் இறக்கியது. அந்த வாரம் எந்த வரியும் மாறவில்லை. யூரோ சரிந்து இரு விலைகளுக்கும் நடுவே இடைவெளி மிகப் பெரிதாகிவிட்டது, பாரிஸில் வாங்கி இங்கே விற்கிறவர்கள் கொழுத்துக்கொண்டிருந்தார்கள், அதை அடைக்கத்தான் இந்த வேலை. நினைத்தால் குறைக்க முடிந்த விலையை அதுவரை ஏன் வைத்திருந்தார்கள் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

விலையைக் கீழே விடாமல் பிடித்து வைத்ததற்குத் தண்டனையும் உண்டு. 2013 ஆகஸ்டில் பால்பவுடர் நிறுவனங்களுக்குச் சுமார் 67 கோடி யுவான் அபராதம் விழுந்தது. 2015-ல் ஜியாங்சு மாநிலத்தில் மெர்சிடிஸ் பென்ஸுக்கு 35 கோடி. இரண்டிலும் குற்றச்சாட்டு ஒன்றே: இதற்குக் கீழே விற்கக்கூடாது என்று கடைக்காரரைக் கட்டாயப்படுத்தியது.

அதே 2013 அக்டோபரில் அரசுத் தொலைக்காட்சி, ஸ்டார்பக்ஸ் லாத்தே பெய்ஜிங்கில் 27 யுவான், லண்டனிலும் சிகாகோவிலும் மும்பையிலும் இதைவிடக் குறைவு என்று ஒரு பெரிய செய்தி போட்டது. வீட்டு விலையை விட்டுவிட்டுக் காபியைப் பிடிப்பதா என்று மக்கள் இணையத்தில் திட்டினார்கள். காபி விலையைக் கடைசியில் உடைத்தது செய்தி அல்ல, உள்ளூர்ப் போட்டி. 2023-ல் லக்கின், கோட்டி என்ற உள்ளூர் காபிக் கடைச் சங்கிலிகள் இரண்டும் 9.9 யுவானுக்குக் கோப்பையை நீட்டின. உள்ளூரில் போட்டி வந்த பொருளில்தான் விலை இறங்கும், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீஸ், வெண்ணெய், காலைச் சீரியல் எல்லாம் ஆடம்பரமே இல்லையே. அதற்கும் ஏன்?

எனக்கு இதில்தான் உண்மையான வருத்தம். குழந்தை பிறந்த ஊரில் சாப்பிட்ட சாதாரணச் சாப்பாடு இங்கே சொகுசுப் பொருளாகிவிடுகிறது. சீஸுக்குச் சுங்க வரி 2017 டிசம்பரில் 12-லிருந்து 8 ஆனது, நுகர்வு வரி கிடையாது. விலை ஏறுவது வேறு இடத்தில்.

ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். தயாரித்த நாடு, உட்பொருள், இறக்குமதியாளர் பெயர், முகவரி, ஊட்டச்சத்து அட்டவணை எல்லாம் சீனத்தில், பெரும்பாலும் மூல லேபிளின் பாதியை மறைத்தபடி. சீன லேபிள் இல்லாமல் உணவு விற்கக்கூடாது. அந்த லேபிளைத் தயாரிப்பது, குளிர்ப்பெட்டியில் கொண்டுவருவது, துறைமுகத்தில் பரிசோதனைக்குக் காத்திருப்பது, அந்த நாளெல்லாம் ஆயுள் கரைவது என்று ஒவ்வொன்றும் செலவு. 2022 ஜனவரியிலிருந்து உணவு அனுப்பும் வெளிநாட்டுத் தொழிற்சாலையே சீனச் சுங்கத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆண்டுக்குப் பத்தாயிரம் டன் அனுப்புகிறவருக்கு இது ஒன்றுமில்லை. ஒரு கொள்கலனை நிரப்பவே திணறுகிற சின்ன இறக்குமதியாளர் அத்தனையையும் சில நூறு பொட்டலங்களின் தலையில்தான் ஏற்ற முடியும். 2017 இலையுதிர் காலத்தில் பிரீ, கமாம்பேர் போன்ற மென்மையான சீஸ் சில வாரம் உள்ளே வரவே முடியாமல் நின்றதும் உண்டு. அப்படி ஒரு தடை வரலாம் என்ற பயத்தையும் இறக்குமதியாளர் விலையில் சேர்த்துவிடுகிறார்.

2008-ல் குழந்தைப் பால்பவுடரில் மெலமைன் என்ற ரசாயனம் கலந்தது வெளிவந்த பிறகு சீனப் பெற்றோரே வெளிநாட்டுப் பால்பொருளைத் தேடி ஓடினார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. பயந்துபோன தாய்மார்களோடு அதே டப்பாவுக்குப் போட்டி போடும்போது விலை எப்படி இறங்கும்.

எந்தக் கடையில் குறைவு?

வெளிநாட்டவர் குடியிருப்புக்குக் கீழே இருக்கும் இறக்குமதிக் கடையில் நிச்சயமாக இல்லை. அவசரத்துக்கு மட்டும் அங்கே போங்கள். வெண்ணெய், சீஸ், கொட்டை வகை, ஆலிவ் எண்ணெய், மாட்டிறைச்சி எல்லாம் சாம்ஸ் கிளப்பிலோ காஸ்ட்கோவிலோ, இரண்டும் உறுப்பினருக்கு மட்டும் மொத்தமாக விற்கும் பெரிய கடைகள். சாதாரண உறுப்பினர் கட்டணம் முறையே ஆண்டுக்கு 260, 299 யுவான், குடும்பமாக இருந்தால் சில தடவையிலேயே திரும்பி வந்துவிடும். 2019 ஆகஸ்டில் ஷாங்காய் மின்ஹாங்கில் காஸ்ட்கோ திறந்த அன்று கூட்டம் தாங்காமல் மதியமே மூடினார்கள்.

சாக்லேட், பிஸ்கட், வாசனைத் திரவியச் சிறு பாட்டில் என்றால் ஹாட்மாக்ஸ் மாதிரி, காலாவதி நெருங்கிய சரக்கை விற்கும் கடைகளைப் பாருங்கள். தேதி ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் இருக்கும், பல பொட்டலத்தில் தயாரித்த தேதிதான் பெரிதாகத் தெரியும். எத்தனை மாத ஆயுள் என்பதைத் தனியாகப் படித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டுச் சரக்கு விற்கும் டீமால் குளோபல் இணையக் கடையில் என் சீன நண்பருக்கு ஒரு விலை, கடையில் ஒரு விலை. எப்படி?

அது எல்லை தாண்டிய மின்வணிகம் என்ற தனிப் பாதை, 2016 ஏப்ரலில் வரியோடு ஒழுங்குபடுத்தினார்கள். ஒரு ஆர்டர் 5,000 யுவானுக்குள், ஆண்டுக்கு 26,000 யுவானுக்குள் (2019-லிருந்து இந்த அளவு) இருந்தால் சுங்க வரி இல்லை, மற்ற வரிகளிலும் 70 சதவீதம்தான். சாதாரணப் பொருளுக்கு மொத்தம் 9.1 சதவீதத்தில் முடிந்துவிடும். கிடங்கு சீனாவுக்குள்ளேயே பிணைப்பு மண்டலத்தில் (விற்கும்வரை வரி கட்டாமல் சரக்கை வைத்திருக்கும் இடம்) இருப்பதால் சில நாளில் வீட்டுக்கு வரும்.

வாங்குகிறவரின் அடையாளத்தைச் சுங்கத்தில் சரிபார்ப்பார்கள் என்பதுதான் நமக்குச் சிக்கல். சீன அடையாள எண்ணை வைத்து அமைத்த படிவத்தில் பாஸ்போர்ட் எண் பல நேரம் ஏறாது. முயற்சி செய்து பாருங்கள், சில கணக்குகளில் வேலை செய்கிறது. நண்பர் பெயரில் வாங்கினால் அவருடைய ஆண்டு வரம்பு கரைகிறது என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், கேட்காமல் செய்யாதீர்கள்.

விமான நிலையத்தில் வரியைத் திரும்ப வாங்கலாமாமே?

சுற்றுலாப் பயணி வாங்கலாம். சீனாவில் தொடர்ந்து 183 நாளுக்கு மேல் தங்காத வெளிநாட்டவருக்குத்தான் அது. 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கொள்முதலை 500-லிருந்து 200 யுவானாக்கினார்கள், பெரும்பாலான பொருளுக்கு 11 சதவீதம், அதில் முகவர் கட்டணம் கழியும். நல்ல திட்டம். இங்கேயே குடியிருந்து, இங்கேயே வருமான வரி கட்டுகிற உங்களுக்கு இல்லை. உங்களைப் பார்க்க வரும் அப்பா அம்மாவுக்கு உண்டு, அவர்கள் தங்கள் பாஸ்போர்ட்டில், தங்களுக்காக வாங்கி எடுத்துப் போகலாம்.

ஊருக்குப் போய்விட்டு வரும்போது பெட்டியில் கொண்டுவந்தால்?

பெரும்பாலான குடும்பங்கள் இப்படித்தான் சமாளிக்கிறார்கள், அளவோடு செய்தால் தவறே இல்லை. நாட்டில் வசிப்பவர் வெளியே வாங்கி வரும் சொந்த உபயோகப் பொருளுக்கு 5,000 யுவான் வரை விலக்கு. வெளிநாட்டில் வசிப்பவர் சீனாவில் விட்டுவிட்டுப் போகிற பொருளுக்கு 2,000. வேலை விசா இருக்கிறது என்பதற்காக 5,000 கணக்கு தானாகப் பொருந்தும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், கவுன்டரில் கேளுங்கள். மது ஒன்றரை லிட்டர், சிகரெட் 400.

மிஞ்சினால் வரி 13, 20, 50 சதவீதம் என்று மூன்று படி, 2019 ஏப்ரலிலிருந்து. உணவு, புத்தகம், கணினி எல்லாம் 13-ல் வரும். மது, நகை, உயர்ரகக் கடிகாரம், உயர்ரக அழகுசாதனம் 50-ல். அதனால் புதுக் கடிகாரத்தைப் பெட்டியோடு கொண்டுவந்து சுங்கத்தில் மாட்டினால் கடையில் வாங்கியதே மேல் என்றாகிவிடும். பார்சலில் அனுப்பச் சொல்வதென்றால் வெளிநாட்டிலிருந்து ஒரு பார்சலுக்கு 1,000 யுவான், ஹாங்காங், மக்காவ், தைவானிலிருந்து 800. இறைச்சி (பச்சையோ சமைத்ததோ), பழம் எதையும் வைக்காதீர்கள், பறிமுதல்தான்.

ஹாங்காங்? ஹைனான்?

ஹாங்காங்கில் விற்பனை வரியே இல்லை. தீர்வை மது, புகையிலை, எரிபொருள் போன்ற மிகச் சிலவற்றுக்கு மட்டும், அதிலும் ஒயினுக்கு 2008-லிருந்து இல்லை. ஷென்ஜென், குவாங்சோவில் இருப்பவர்களுக்குப் பையும் ஒயினும் அங்கேதான் சரி. திரும்பி வரும்போது சுங்க வரம்பு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். நாட்டில் வசிப்பவருக்கு மேலே சொன்ன 5,000, ஹாங்காங்கிலிருந்து வரும்போது 2024-லிருந்து 12,000 யுவான். ஷாங்காயிலிருந்து ரயிலோ விமானமோ பிடித்துப் போவதென்றால் பயணச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஹைனான், நடுவில் நிற்கும் நமக்கும் கதவு திறந்திருக்கிற அபூர்வ இடம். 18 வயது நிறைந்து (2025 நவம்பருக்கு முன் 16) தீவை விட்டுக் கிளம்புகிறவர் யாராக இருந்தாலும், பாஸ்போர்ட்டைக் காட்டி, 2020 ஜூலையிலிருந்து ஆண்டுக்கு 1,00,000 யுவான் வரை வரி இல்லாமல் வாங்கலாம். அழகுசாதனம் ஒரு தடவைக்கு 30, மது ஒன்றரை லிட்டர். எப்படியும் விடுமுறைக்கு அந்தத் தீவின் கடற்கரை நகரமான சான்யா போகிற குடும்பம் வருடத்துக்கான வாசனைத் திரவியத்தையும் க்ரீமையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வீசாட் செயலியில் ஒருவர் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

டாய்கோ, அதாவது வெளிநாட்டில் வாங்கிவந்து இங்கே விற்கிறவர்கள், ஒரு காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழி. 2019 ஜனவரியில் வந்த மின்வணிகச் சட்டத்துக்குப் பிறகு பதிவு, வரி எல்லாம் கட்டாயம். கொரியாவிலிருந்து அழகுசாதனம் கடத்தி விற்ற முன்னாள் விமானப் பணிப்பெண் ஒருவருக்கு 2012-ல் 11 ஆண்டு சிறை கொடுத்தார்கள், மறுவிசாரணைக்குப் பின் 2013-ல் அது 3 ஆண்டானது. ஆகவே ஊருக்குப் போகும்போது அலுவலக நண்பர்களுக்காக நீங்களே காசு வாங்கிக்கொண்டு வாங்கி வரும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளாதீர்கள், விசாவே போய்விடும்.

பாதி விலை என்றால் சரக்கு போலியாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பையில் போலி என்றால் பணம் மட்டும் போகும், மதுவில் போலி என்றால் உடம்பு போகும். முகம் தெரியாதவரிடம் மது வாங்கவே கூடாது.

இங்கேயே தயாராகும் நல்ல பொருள் இருக்கிறதா?

நிறைய. உலகத்திலேயே அதிகம் கேவியர் தயாரிக்கிற நாடு இதுதான். ஜெஜியாங் மாநிலத்தின் சியன்தாவ் ஏரிப் பக்கம் வளரும் ஸ்டர்ஜன் மீனின் முட்டை ஐரோப்பாவின் பெரிய உணவகங்களுக்கே போகிறது, இங்கே அதைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வாத்து ஈரல் ஆன்ஹுய் மாநிலத்தின் ஹுவோச்சியூவிலிருந்து, காபிக்கொட்டையும் ட்ரஃபிள் காளானும் யுன்னானிலிருந்து, ஒயின் நிங்ஷியாவிலிருந்து. யுன்னான் காபியை நான் மனதாரச் சிபாரிசு செய்வேன். வறுத்த தேதி பார்த்து, சிறு வறுவல் கடைகளில் கால் கிலோவாக வாங்குங்கள். சீஸுக்கு மட்டும் இன்னும் சரியான மாற்று இல்லை.

வேலை ஒப்பந்தம் போடும் முன் கம்பெனியிடம் என்ன கேட்க வேண்டும்?

"சீனா மலிவான ஊர், இந்தச் சம்பளம் தாராளம்" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். உங்கள் குடும்பம் மாதம் என்னென்ன வெளிநாட்டுப் பொருள் வாங்கும் என்று உட்கார்ந்து எழுதி, இங்கத்திய ஆன்லைன் விலையைப் போட்டுக் கூட்டிப் பாருங்கள். பால்பவுடர், குழந்தைக்கான ஒவ்வாமை இல்லாத உணவு, மருத்துவர் சொன்ன க்ரீம் மாதிரி விடவே முடியாதவற்றைத் தனியாக எழுதுங்கள். அந்தத் தொகையை வைத்துப் பேசினால் கேட்கிறார்கள்.

இன்னொன்று, வீட்டு வாடகை, பிள்ளைகள் படிப்பு, ஊருக்குப் போய்வரும் பயணம், சாப்பாடு போன்றவற்றுக்குக் கம்பெனி தரும் தொகைக்கு வெளிநாட்டு ஊழியருக்கு உள்ள வருமான வரி விலக்கை 2027 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள், ரசீது வேண்டும். அதனால் அதே பணத்தைச் சம்பளமாக வாங்குவதை விட இரண்டாவது ஊர்ப் பயணமாக எழுதி வாங்குவது பல குடும்பங்களுக்கு லாபம். டிக்கெட்டும் கிடைக்கும், வருடத்துக்கு இரண்டு தடவை பெட்டியும் நிறையும்.